கேட்கத் தெரியாத திருப்பயணி

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அண்மையில் நம் பங்கு இல்லத்திற்கு வந்திருந்தார். வரும் செப்டம்பரில் ஸ்பெயின் நாட்டுச் சந்தியாகோ நகருக்கு நடந்தே திருப்பயணம் செல்ல அவர் ஏற்பாடு செய்திருக்கிறார். நம் குருத்துவ வெள்ளிவிழாவை ஒட்டிக் கிடைத்த விடுப்பில், 2018-ஆம் ஆண்டு, நாமும் பூர்கோஸ் நகரிலிருந்து அவ்வழியில் ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நடந்தோம். அதை அறிந்தே, காலணி, முதுகுப்பை, மழைச்சட்டை ஆகியவை பற்றிக் கேட்க வந்தார். கேட்டு முடித்ததும் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். பயண ஏற்பாட்டாளர் தந்தது. நடைப்பயணிக்குத் தேவையான நாற்பது ஸ்பானிய வாக்கியங்கள் அதில் அச்சாகியிருந்தன.

"சாமி, இதை நெட்டுருச் செய்யத்தான் வேண்டுமா? ஆங்கிலம் இருக்கிறது. அதற்கும் மேல் கைப்பேசி இருக்கிறது. நாம் தமிழில் பேசினால் அது ஸ்பானியத்தில் சொல்லிவிடுகிறது. இந்த வயதில் எதற்கு இந்தப் பாடு?" என்றார்.

அப்போது நாம் தக்க விடை சொல்லவில்லை. தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டோம். ஆனால் அன்றிரவு உறக்கம் வரவில்லை. ஏனெனில் அதே போன்றதொரு தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் நாமும் நடந்தோம். அதனால் நேர்ந்த ஒன்றை இதுவரை எவரிடமும் முழுமையாகச் சொன்னதில்லை.

அவ்வழியைப் பற்றி அறியாதவர்க்குச் சில சொற்கள். திருத்தூதர் யாக்கோபின் கல்லறை ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், கலீசியா நாட்டில் இருப்பதாகப் பழைய மரபு. அதை நாடி ஓராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் நடந்து வருகின்றனர். வழிகள் பல. அவற்றுள் மிகுதியும் நடக்கப்படுவது, பிரான்சு நாட்டு எல்லைக்குள் மலையடியில் தொடங்கி ஏறத்தாழ 780 கிலோமீட்டர் நீளும் பிரெஞ்சு வழி. குறைந்தது கடைசி 100 கிலோமீட்டரையேனும் நடந்து, தங்கும் இடங்களில் முத்திரை பெற்று வருவோர்க்குச் சான்றிதழ் தருகின்றனர். 1980-களின் நடுவில் ஆண்டுக்கு மூவாயிரம் பேரும் அதைப் பெறவில்லை. 2024-இல் பெற்றவர் ஏறத்தாழ 5 இலட்சம். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் ஸ்பெயினுக்கு வெளியிலிருந்து வந்தவர்கள். ஆகவே இது ஓர் ஆசிரியரின் ஐயம் மட்டுமன்று. ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் அந்நியரின் சிற்றூர்கள் வழியே நடந்து செல்கின்றனர். எந்த நாவோடு செல்கின்றனர் என்பதே வினா.

ஆசிரியர் மேசைமேல் விட்டுச்சென்ற அந்தத் தாளை அன்றிரவு எடுத்து நாற்பது வாக்கியங்களையும் எண்ணிப் பார்த்தோம். 'எங்கே இருக்கிறது' என்பவை 11. 'என்ன விலை' என்பதும் அதன் சுற்றமும் 9. 'எனக்கு இது வேண்டும்' என்பவை 14. குறை சொல்லும் வாக்கியங்கள் 3. சூப்பு ஆறிவிட்டது, கணக்குத் தவறு, அறையில் இரைச்சல். வணக்கம் 2. நன்றி 1. ஆக 40. கொடுப்பதற்கென ஒரு வாக்கியமும் இல்லை. பிறரைப் பற்றி விசாரிக்கும் வாக்கியம் ஒன்றும் இல்லை. பிறர் ஏதேனும் சொன்னால் என்ன செய்வது என்ற கவலையே அத்தாளுக்கு இல்லை.

தமிழில் 'கேட்டல்' என்னும் சொல்லுக்கு இரு பொருள். வினவுதலும் கேட்டலே, செவிமடுத்தலும் கேட்டலே. யாசித்தலையும் சேர்த்தால் மூன்றாகும். வள்ளுவர் 'கேள்வி' என்று ஓர் அதிகாரத்திற்குப் பெயரிட்டபோது வினா எழுப்புவதைச் சொல்லவில்லை. செவியால் பெறும் செல்வத்தைச் சொன்னார். அந்தத் தாள் கற்பிப்பது ஒரு கேட்டலை மட்டும். கழிவறை எங்கே என்று ஸ்பானியத்தில் பிழையின்றி வினவுவோம். விடை வரும், அது நமக்கு விளங்காது. தலையை ஆட்டிவிட்டு, அவர் கை காட்டிய பக்கம் நடப்போம். நாம் பல நாள் செய்தது இதுவே.

இனி அந்த நிகழ்ச்சிக்கு வருவோம்.

கர்ரியோன் என்னும் ஊரைத் தாண்டினால் மரநிழலே இல்லாத கோதுமைச் சமவெளி. வெயில் காலத்தில் வானமும் தரையும் ஒரே நிறமாகிவிடும். அதற்கு அடுத்த நாள் பிற்பகல் ஒரு சிற்றூரைக் கடந்தோம். பெரும்பாலான வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஒரு வாசலில் மூதாட்டி ஒருவர் நாற்காலியிட்டு அமர்ந்திருந்தார். கறுப்பு உடை. நம் கழுத்திலிருந்த சிலுவையைக் கண்டாரோ, முதுகுப்பையில் தொங்கிய சிப்பியைக் கண்டாரோ, எழுந்து வந்து நம் வலக்கையைத் தம் இரு கைகளாலும் பற்றிக்கொண்டார். ஏதோ சொன்னார். மீண்டும் அதையே சொன்னார். 'போர் ஃபவோர்' என்பது மட்டும் விளங்கியது. தயவுசெய்து என்று பொருள், தாளில் இருந்தது. எதையோ கேட்கிறார் என்று தெரிந்தது. கை நீட்டிக் கேட்பவர் வேறு எதைக் கேட்பார்? சட்டைப்பையிலிருந்து இரண்டு யூரோ நாணயம் ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தோம்.

அவர் நாணயத்தைப் பார்த்தார். நம் முகத்தைப் பார்த்தார். சினம் கொள்ளவில்லை. நாணயத்தை மெல்ல நம் சட்டைப்பையிலேயே திரும்ப இட்டு, அதன்மேல் இருமுறை தட்டிக்கொடுத்தார். பிறகு போய்த் தம் நாற்காலியில் அமர்ந்துகொண்டார். நாமும் 'புவென் கமீனோ' என்று, பயணியர் ஒருவருக்கொருவர் சொல்லும் வாழ்த்தை, நடக்காத அந்த அம்மையாருக்குச் சொல்லிவிட்டு நடந்தோம்.

பதினைந்து நாள் கழித்துச் சந்தியாகோ பேராலயத்தில் வரிசையில் நின்றோம். நடுப்பீடத்திற்குப் பின்புறம் குறுகிய படிகள் உண்டு. அவற்றில் ஏறிச் சென்று, அமர்ந்த நிலையிலுள்ள திருத்தூதர் திருவுருவத்தைப் பின்னிருந்து தழுவுவது பயணியரின் தொன்று தொட்ட வழக்கம். நமக்கு முன் நின்ற ஸ்பானிய இளைஞர் உருவத்தைத் தழுவியபடி பெயர்களாக முணுமுணுத்துக்கொண்டிருந்தார். இறங்கியபின் ஆங்கிலத்தில் விசாரித்தோம். வழியோர ஊர்களில் முதியோர் பயணியரின் கையைப் பிடித்து, தம்மால் நடக்க இயலாததால், தம் சார்பில் அப்போஸ்தலரைத் தழுவச் சொல்வார்களாம். யாருக்காகச் செபிக்க வேண்டும் என்று பெயரும் சொல்வார்களாம். அப்பெயர்களையே அவர் சொல்லி முடித்தார்.

அப்போதுதான் அந்தப் பிற்பகலின் சொற்கள் ஒவ்வொன்றாக நம் செவிக்குள் திரும்பி வந்தன. 'அபிராசோ' என்றார், தழுவுதல். 'அப்போஸ்தொல்' என்றார்; நம் பழைய செபங்களில் அப்போஸ்தலர் என்று பாட்டியார் காலம் முதல் வழங்கிய அதே சொல். அதுகூட நமக்கு உறைக்கவில்லை. 'ஈஹோ' என்றார், மகன். மகன் நோயுற்றிருந்தானா, இறந்துவிட்டானா, தொலைவில் இருந்தானா, அறியோம். பெயரும் சொல்லியிருக்க வேண்டும். அதை நாம் கேட்டிருக்க வேண்டும். 25 ஆண்டுகள் குருவாக வாழ்ந்தவரிடம் ஒரு தாய் செபம் கேட்டார். அந்தக் குரு இரண்டு யூரோ கொடுத்தார்.

வழிநெடுக ஒன்றும் விளங்காத நமக்கு, முடிவில் தந்த சான்றிதழ் மட்டும் வரிக்கு வரி விளங்கியது. அது இலத்தீனில் இருந்தது.

ஆங்கிலம் போதாதா என்பார்க்கு முதலில் விடை சொல்வோம். விடுதிகளிலும் பெருநகர்களிலும் ஆங்கிலம் செல்லும். காசு வாங்குவோர் நம் மொழியைக் கற்றுக்கொள்வார்கள். அது அவர்கள் பிழைப்பு. ஆனால் வாசலில் நாற்காலியிட்டு அமர்ந்திருப்பவர் எதற்காக ஆங்கிலம் கற்பார்? அவர் நமக்கு எதையும் விற்கவில்லையே. ஆகவே ஆங்கிலத்தை மட்டும் நம்பி நடப்பவர், விற்போரை மட்டுமே சந்தித்துவிட்டுத் திரும்புவார். அந்நாட்டு மக்கள் மிக நல்லவர்கள் என்றோ மிகக் கறாரானவர்கள் என்றோ நம்மிடம் வந்து சொல்லவும் செய்வார்.

இதைத் தமிழருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருப்பதுதான் வியப்பு. நம் ஊரில் பத்தாண்டுகள் வாழ்ந்தும் 'நன்றி', 'வருகிறேன்' என்னும் இரு சொல்லைக்கூடக் கற்காத வெளியூரார்மீது நமக்கு எவ்வளவு வருத்தம்! மொழியை முன்னிட்டு வீதியில் இறங்கிய வரலாறு நமக்கு உண்டு. அத்தகைய நாமே வேற்றார் ஊர் வழியே ஒரு மாதம் நடக்கும்போது, அவர்கள் பேச்சில் ஐந்து வாக்கியம் கற்பதற்கு வயதைச் சாக்குச் சொல்கிறோம். பெந்தக்கோஸ்து நாளில் எருசலேமுக்கு வந்திருந்தோர் அனைவரும் கலிலேயரின் பேச்சைக் கற்றுக்கொண்டு கேட்கட்டும் என்று தூய ஆவியார் காத்திருக்கவில்லை. பேச வந்தவர்களின் நாக்கே மாற்றம் பெற்றது. அன்று அந்த வீட்டில் இருந்தவர்களுள் யாக்கோபும் ஒருவர். அவர் கல்லறைக்குச் செல்வோர் இதை எண்ணிப் பார்ப்பது நன்று.

கைப்பேசியைப் பற்றி நாம் பழம்போக்கில் பேசுவதாக எவரும் கருத வேண்டாம். மருந்துக் கடையில், மருத்துவர் முன்னிலையில், ஒவ்வாத உணவைப் பற்றிச் சொல்லும்போது, அரைகுறை மொழியால் வீரம் காட்டுவது மடமை. அங்கே கருவியை எடுங்கள். ஆனால் அந்த மூதாட்டி நம் கையைப் பிடித்திருந்தார். இரு கையாலும் பிடித்திருந்தார். கருவியை எடுக்க வேண்டுமானால் அவர் கையை விடுவித்திருக்க வேண்டும். அதை அவர் வாய்க்கு நேரே நீட்டி, மறுபடி சொல்லுங்கள் என்று சைகை காட்டியிருக்க வேண்டும். மகனின் துயரத்தை ஒரு தாய் அப்படி ஒரு கண்ணாடித் தகட்டிடம் இரண்டாம் முறை சொல்வாரா? சொல்லியிருக்கவும் கூடும், நாம் மறுக்கவில்லை. ஒன்றுமே விளங்காமல் நாணயம் கொடுத்ததைவிட அதுவும் மேலாகவே இருந்திருக்கும். என்றாலும், 'நோ என்தியேந்தோ' (விளங்கவில்லை), 'மாஸ் தெஸ்பாசியோ' (இன்னும் மெதுவாக) என்னும் இரு தொடர்கள் நம் நாவில் இருந்திருந்தால் போதும். அவர் மெதுவாகச் சொல்லியிருப்பார். 'அப்போஸ்தொல்' காதில் விழுந்திருக்கும்.

பக்திமான்கள் சிலர் வேறு விதமாக வாதிடுவர். திருப்பயணம் மௌனத்திற்கு உரியது. இறைவனோடு பேசச் செல்பவனுக்கு ஊராரோடு என்ன பேச்சு? வழி காட்ட மஞ்சள் அம்புக்குறிகள் இருக்கின்றன அல்லவா? இருக்கின்றன. அந்த அம்புகளை 1984-ஆம் ஆண்டில் பிரான்சு எல்லை தொடங்கி வண்டியில் சென்று தீட்டத் தொடங்கியவர் எலியாஸ் வாலிஞா என்னும் பங்குத்தந்தை. மலைமேல் உள்ள ஓ செப்ரெய்ரோ என்னும் சிற்றூரின் குரு. அவர் அம்பு வரைந்தது, பயணி வழி தவறாமல் ஊர்களுக்குள் வந்து சேர வேண்டும் என்பதற்காக; ஊராரோடு பேசாமல் கடந்து போவதற்காக அன்று. எம்மாவு நோக்கி நடந்த சீடர் இருவரும் வழியில் ஓர் அந்நியரோடு பேசிக்கொண்டே போனார்கள். பேச மறுத்து மௌனத் தியானத்தில் நடந்திருந்தால் லூக்கா நற்செய்தியின் கடைசி அதிகாரம் என்னவாகியிருக்கும்?

தூய பெனடிக்ட் தம் ஒழுங்கு நூலில் வரும் விருந்தினர் அனைவரையும், அவர்களுள்ளும் ஏழைகளையும் திருப்பயணிகளையும், கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும் என்று பணித்தார். இதைப் பயணியர் அடிக்கடி நினைவுகூர்வர். நமக்குச் சாதகமானது அன்றோ! அதே நூலின் பிற்பகுதியில், வேற்றூரிலிருந்து வரும் துறவி அவ்விடத்து வழக்கத்தில் நிறைவு கொள்பவராய் இருக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். இதை நினைவுகூர்வார் குறைவு. கிரஞோன் ஊரில் கோவிலை ஒட்டியே பயணியர் பாய் விரித்துப் படுக்கின்றனர். கட்டணம் இல்லை, காணிக்கைப் பெட்டி மட்டும் உண்டு. கர்ரியோனில் அருள்சகோதரிகள் பயணியரை வட்டமாக அமர்த்தி, ஒவ்வொருவரும் தம் பெயரையும் வந்த காரணத்தையும் சொல்லச் செய்கிறார்கள், பாடவும் செய்கிறார்கள். இத்தகைய இடங்களில் 'என்ன விலை' என்னும் வாக்கியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நாம் கர்ரியோனில் நம் பெயரைச் சொன்னோம். வந்த காரணத்தைச் சொல்ல மொழியில்லாமல் சிரித்துவிட்டு உட்கார்ந்துகொண்டோம்.

வழிப்பயணிக்குச் சொற்பட்டியல் தருவது இன்றைய வழக்கமன்று. சந்தியாகோ பேராலயத்தில் 12-ஆம் நூற்றாண்டுச் சுவடி ஒன்று உள்ளது. 2011-இல் களவுபோய் 2012-இல் மீட்கப்பட்டது. அதன் ஐந்தாம் நூல் பயணியருக்கான வழிகாட்டி. எய்மெரிக் பிக்கோ என்னும் பிரெஞ்சுக் குரு எழுதியதாகக் கருதுவர். நவார்ராப் பகுதியில் பேசப்படும் பாஸ்கு மொழிச் சொற்கள் சிலவற்றை அவர் பட்டியலிட்டிருக்கிறார். முதற்சொல் கடவுள். அடுத்தது இறைவனின் அன்னை. பிறகு அப்பம், இரசம், இறைச்சி, மீன், வீடு, வீட்டுத் தலைவர், தலைவி, கோவில், குரு, கோதுமை, தண்ணீர், அரசர். முடிவில் தூய யாக்கோபு. நம் ஆசிரியரின் தாளைவிட அழகிய வரிசை! வீட்டுத் தலைவியை எப்படி அழைப்பது என்பது தண்ணீருக்கு முன்னால் வந்துவிடுகிறது.

ஆயினும் அதே நூலாசிரியர், அதே பக்கங்களில், அந்த நவார்ரா மக்களை வாயாரத் தூற்றுகிறார். அவர்கள் பேசுவது நாய் குரைப்பது போல் இருக்கிறதாம். சொல்லைக் கற்பதால் மட்டும் உள்ளம் திருந்திவிடாது என்பதற்கு இவர் ஒருவரே சான்று. 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கொலோன் நகரிலிருந்து புறப்பட்டுப் பல திருத்தலங்களைச் சுற்றிய ஆர்னோல்டு ஃபான் ஹார்ஃப் என்னும் ஜெர்மானிய வீரரும் சென்ற இடமெல்லாம் சொற்பட்டியல் தொகுத்தார். அவருடைய பாஸ்குப் பட்டியலில் இளம்பெண்ணிடம் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு. இவ்விதழில் அச்சிடத் தக்கதன்று. ஆகவே எந்த வாக்கியத்தைத் தேர்ந்து கற்கிறோம் என்பதில் பயணியின் உள்ளம் வெளிப்பட்டுவிடுகிறது.

'குரைக்கும்' மொழியினர் என்று இகழப்பட்ட அம்மக்களுள் ஒருவர்தான் நம் கடற்கரைக்கு வந்தார். தூய பிரான்சிசு சவேரியார் 1506-இல் நவார்ராவின் ஹவியேர் கோட்டையில் பிறந்தார். சந்தியாகோ வழியின் அரகோன் கிளை செல்லும் சங்குவேசா ஊருக்கு மிக அருகே உள்ளது அக்கோட்டை. அவர் தாய்மொழி பாஸ்கு. 1542 அக்டோபரில் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. தம் மொழி ஒன்று, இம்மக்கள் மொழி வேறொன்று, ஒருவரை ஒருவர் விளங்கிக்கொள்ள முடியவில்லை என்று கடிதத்தில் வெளிப்படையாகவே எழுதினார். பிறகு என்ன செய்தார்? இரு மொழியும் ஓரளவு அறிந்தவர்களைக் கூட்டிவைத்துச் சிலுவை அடையாளத்தையும், விசுவாச அறிக்கையையும், கர்த்தர் கற்பித்த செபத்தையும் தமிழில் ஆக்கச் செய்தார். தாம் அவற்றை நெட்டுருச் செய்தார். கையில் மணியை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக நடந்தார்.

அந்தத் தமிழில் பிழைகள் இருந்தன. பின்னால் வந்த என்ரிக்கே அடிகளார் தமிழை முறையாகக் கற்றுத் திருத்தினார். 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியது. ஆனால் சவேரியாரின் பிழைத் தமிழைக் கேட்டு நம் முன்னோர் நகைத்து விலகிவிடவில்லை. ஒரு பெரியவர் நம் மொழியைத் திக்கித் திணறிப் பேசுகிறார் என்பதையே அவர்கள் பேச்சாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். போர்த்துக்கீசியம் போதும், கற்றுக்கொண்டு வரட்டும் என்று அவர் கோவாவிலேயே இருந்திருக்கலாம். நவார்ரா நாட்டார் ஒருவர் நமக்காகத் தமிழ்ச் செபங்களை மனப்பாடம் செய்தார். நவார்ரா வழியே நடக்கும் தமிழர் அந்நாட்டு மொழியில் எட்டு வாக்கியம் கற்கமாட்டோம் என்பது நன்றியன்று.

கடினமும் அன்று. ஸ்பானியத்தின் உயிர் ஒலிகள் ஐந்து. ஐந்தும் நம்மிடம் உள்ளன. அவர்களுடைய தகரம் நம் தகரத்தைப் போலவே பல்லைத் தொட்டுப் பிறக்கிறது. ஆங்கில வழியாகக் கற்பவர் அதை டகரமாக்கிக் கெடுக்கிறார்கள். ஞகரம் அப்படியே உண்டு. ரகர றகர வேறுபாடு போன்ற ஒன்றும் உண்டு. மென்மையாக ஒலித்தால் 'ஆனால்', அழுத்தி உருட்டினால் 'நாய்'. பெரியவரிடம் 'நீ' என்று பேசக் கூடாது என்பதும் அவர்கள் மொழியில் உள்ள ஒழுங்கே. ஆங்கிலத்தின் வழியே சென்றால் இது கைநழுவிப் போகும். மேசையை 'மேசா' என்கிறார்கள், பாதிரியைப் 'பாத்ரே' என்கிறார்கள், சப்பாத்தைச் 'சபாத்தோ' என்கிறார்கள். இச்சொற்கள் நமக்குப் போர்த்துக்கீசியர் வழியே வந்தவை. இரு மொழியும் உடன்பிறப்புகள். தங்கச்சிமடத்தில் நாம் வணங்கும் சந்தியாகப்பரின் பெயரே அந்நாட்டார் வாயில் வழங்கும் பெயர்தானே.

பிழை நேரும். திருப்பலி 'மீசா', மேசை 'மேசா'. நாம் ஓர் ஊரில் கோவில் பணியாளரிடம் மாலை எத்தனை மணிக்கு மேசை என்று வினவினோம். அவர் சற்று யோசித்து, ஏழு மணிக்கு என்று கை விரல்களால் காட்டினார். இறையியல் நோக்கில் பெரும் பிழையன்று என்று நம்மை நாமே தேற்றிக்கொண்டோம்.

ஊர் திரும்பியபின், தென் அமெரிக்காவில் பணியாற்றி வந்த அருள்சகோதரி ஒருவரிடம் ஓராண்டு சிறிது சிறிதாகக் கற்றோம். காலம் கடந்த கல்வி. எனினும் புறப்படுவோர்க்கு எதைச் சொல்லித் தரலாம் என்று இப்போது ஓரளவு தெரியும். 'புவேனோஸ் தீயாஸ்' என்று கடைக்காரரை மட்டுமன்றி வாசலில் இருப்போர் அனைவரையும் வாழ்த்துதல். விளங்கவில்லை, மெதுவாக என்னும் முன் சொன்ன இரண்டு. 'என் கே புவேதோ அயுதார்', எதில் உதவலாம். உணவு முடிந்து பாத்திரம் கழுவும் நேரத்தில் இதைச் சொன்னால் அடுக்களைக் கதவு திறக்கும். 'ரெசே போர் மீ', எனக்காகச் செபியுங்கள். 'தியோஸ் செ லோ பாகே', கடவுள் உமக்குப் பலன் தருவாராக. இது பழைய காலத்து ஏழையின் நன்றி. கையில் கொடுக்க ஒன்றும் இல்லாதவர் சொல்வது. காசு வாங்க மறுப்பவரிடம் 'கிராசியாஸ்' என்று முடித்துக்கொள்வதைவிட இதைச் சொல்லிப் பாருங்கள்.

கலீசியாவுக்குள் நுழைந்ததும் பேச்சு மாறும். அம்மக்களின் மொழி கலீசியம். நன்றியை அங்கே 'கிராசாஸ்' என்பர். பிராங்கோ ஆட்சி நடந்த 1939 முதல் 1975 வரையிலான காலத்தில் கலீசியமும் பாஸ்கும் பள்ளியிலும் பொதுவாழ்விலும் ஒதுக்கப்பட்டுக் கிடந்தன. அம்மொழிகளில் ஒரே ஒரு சொல்லையேனும் வெளிநாட்டார் ஒருவர் சொல்லும்போது முதியோர் முகத்தில் தோன்றுவதைத் தமிழர்க்கு விளக்க வேண்டியதில்லை.

ஆசிரியரை மீண்டும் வரவழைத்தோம். நாணயத்தின் கதையைச் சொன்னோம். அமைதியாகக் கேட்டார். இருந்தும் கைப்பேசி இருந்திருந்தால் பெயர் கிடைத்திருக்குமே சாமி என்றார். பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்தவர். அவரோடு வாதிட்டு ஓயவில்லை. அவர் தாளின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதில் எட்டு வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தோம். ஏழு மேலே சொன்னவை. எட்டாவது, 'கோமோ செ யாமா சு ஈஹோ'. உங்கள் மகனின் பெயர் என்ன என்று பொருள். அவர் அதை மும்முறை சொல்லிப் பார்த்தார். ஈகாரத்தை நீட்டச் சொன்னோம். செப்டம்பர் மாதம் அந்தச் சமவெளியைக் கடக்கையில், கர்ரியோனுக்கு அப்பால் எந்த ஊர், எந்தப் பக்கத்து வாசல் என்றும் குறித்துக் கொடுத்திருக்கிறோம்.